ஊக்கில் விளைந்த கோடித்துணி

மடையூரில் கல்யாணம் நடப்பது நின்றுபோன ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பரம்பு மேட்டில் முதுமக்கள் தாழிகளைத் தோண்ட வந்த தொல்லியல்காரர்கள் அதை வாடகைக்குப் பிடித்து, பந்தி நடந்த கூடத்தில் எலும்புகளையும், மணமேடையில் பானை ஓடுகளையும், மணமகள் அறையில் உலோகச் சாமான்களையும் வைத்திருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடிகளை மூன்று பக்கமும் பதித்திருந்த அந்த மணமகள் அறைதான் உலகம்மாளின் பரிசோதனைக்கூடம். எத்தனையோ பெண்கள் பவுடர் பூசிக்கொண்டே அழுத அந்தக் கண்ணாடிகளில், நரைத்த கொண்டையும் வெள்ளைக் கோட்டுமாக மூன்று உலகம்மாள்கள் நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பார்கள்.

அந்த அறைக்கு ஒரு வெண்கல ஊக்கு வந்து சேர்ந்தது. தாழிக்குள் ஒரு பெண்ணின் தோள் எலும்பை ஒட்டிக் கிடந்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. சுண்டுவிரல் நீளம், வில்லாக வளைந்த முதுகு, இரண்டு சுற்றுச் சுருள், சுருளிலிருந்து கிளம்பும் ஊசி, ஊசியின் முனை போய் உட்காருவதற்கு ஒரு சின்னப் பள்ளம். பெட்டிக்கடையில் அட்டையில் குத்தி விற்கிற ஊக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. உலகம்மாள் செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தாள். எடை பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள், ஊசியின் உள் உலோகம் இன்னும் உயிரோடு இருந்தது. கதிர்க்கருவியை நீட்டிச் செம்பு எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டாள். பிறகு நுண்ணோக்கியின் கீழே வைத்துக் களிம்பைப் பார்த்தபோது களிம்புக்குள் துணி இருந்தது. உடுத்தியவள் மண்ணோடு மண்ணாகிப் போன பிறகும் உடுத்தியிருந்த துணி வெண்கலத்தின் உப்பைக் குடித்துக் குடித்துக் கல்லாகி, ஊடும் பாவும் கலையாமல் நின்றிருந்தது.

ஆனால் ஒரு துணிதான் இருந்தது. வளைவுக்கும் ஊசிக்கும் நடுவே இரண்டு துணிகளைச் சேர்த்துப் பிடிக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் அந்த ஊக்கைச் செய்திருந்தார்கள். ஒரு துணி, முரட்டுத் துணி, இருந்தது. இன்னொன்றின் இடம் காலியாக இருந்தது. ஒரு மடிப்பு மட்டும் காணப்படுகிறது என்று எழுதிவிட்டு அவள் அடுத்த வேலையைப் பார்த்தாள். களிம்பின் ஓரத்தில் வெளிறிய பச்சைப் பொடி பூத்திருந்தது. வெண்கலத்தை உள்ளேயிருந்து தின்னும் நோய் அது. மருந்து உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஊசியைப் பள்ளத்திலிருந்து விடுவிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு, மூங்கில் சிம்பால் நெம்பினாள். தூங்குகிறவள் கையை நகர்த்திவைப்பது போல ஊசி மெல்ல எழுந்து விலகியது. அவள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ஊசி முனையிலிருந்து ஒரு சாண் துணி தொங்கிக்கொண்டிருந்தது. களிம்புப் பச்சை நிறம், கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை.

"யக்கா, நேத்து தெரியாம வச்சிட்டுப் போயிட்டியளா?" என்றான் காவல்காரன் சப்பாணிமுத்து.

உலகம்மாள் ஒரு நூலை உருவி நுண்ணோக்கியில் பார்த்தாள். பருத்தி. புதுசு. அகழாய்வு அதிகாரி ஞானதுரை வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி, "நார்ப்பொருள் வெளிப்பாடுன்னு எழுதுங்க மேடம். காரணம் பின்னர் ஆராயப்படும்னு போட்டுருங்க" என்றார். அவள் அப்படியே போட்டாள். சாயங்காலத்துக்குள் துணி மேஜையைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. அதற்கடுத்த நாள் ஒரு கரையை நெய்து முடித்துக்கொண்டு, தானாகவே அறுந்து, கனிந்த பழம் போலக் கீழே விழுந்தது. புளியங்கொட்டைக் கரை.

மடையூர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஒரு பெண் இறந்தால், புருஷன் வீட்டார் எத்தனை பட்டு போர்த்தினாலும், பிறந்த வீட்டுக் கோடி வந்து விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். அந்தக் கோடியிலும் வீட்டுக்கு வீடு ஒரு கரை உண்டு. இன்னார் வீட்டுக்குப் புளியங்கொட்டை, இன்னார் வீட்டுக்குத் தாழம்பூ, இன்னார் வீட்டுக்கு எறும்புச்சாரி. கரையைப் பார்த்தே இவள் எந்த வீட்டில் பிறந்தவள் என்று வெட்டியான் சொல்லிவிடுவான். எல்லாக் கரைகளையும் நெய்து வாங்கி அடுக்கியிருக்கும் கடை பஜாரில் ஒன்றே ஒன்று. அது உலகம்மாளின் அண்ணன் ஆவுடையப்பனின் கடை.

அந்தக் கடையைத் தாண்டித்தான் அவள் தினமும் வேலைக்குப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவள் கூடப் படித்த, சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு. அன்றைக்கு ஆவுடையப்பன் ஊர் பார்க்க ஆற்றில் இறங்கித் தங்கையைத் தலைமுழுகினான். பிறகு அவள் புருஷன் இறந்தபோதும் வரவில்லை. அவள் அந்த வீட்டிலிருந்து நிலம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, அம்மாவின் படத்தைக்கூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது. தான் கண்ணை மூடினால், அந்த வீட்டு மீன்முள் கரை போட்ட கோடியை யார் கொண்டுவந்து போடுவார்கள்? கல்லறைத் தோட்டத்தில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போட வேண்டும். நீ எங்களிடமிருந்துதான் போனாய் என்று யாராவது ஒருத்தர் ஒரு முழத் துணியால் சொல்ல வேண்டும்.

புளியங்கொட்டைக் கரை விழுந்த அன்றைக்குப் பூக்கார முப்பிடாதி இறந்துபோனாள். ஒரு கிணற்றுத் தகராறில் முறைத்துக்கொண்டு போன அவள் தம்பிமார் வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. வெயில் ஏறியது, ஈ மொய்த்தது, கொட்டுக்காரர்கள் மூன்றாவது டீ குடித்தார்கள். அப்போது சப்பாணிமுத்து தலையைச் சொறிந்தபடி, "மண்டபத்துல ஒரு புளியங்கொட்டை கெடக்கு" என்றான். அது முப்பிடாதி பிறந்த வீட்டுக் கரைதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து வந்து போர்த்தினார்கள். அவள் தலைமுதல் கால்வரை இம்மி கூடாமல் குறையாமல் சரியாக இருந்தது. பாடை கிளம்பியது.

இப்படித்தான் அந்த ஊர் அதைப் பழகிக்கொண்டது. அண்ணன் தம்பி இல்லாதவளுக்கு, இருந்தும் பேச்சில்லாதவளுக்கு, தூரதேசத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவளுக்கு, ஒவ்வொருத்திக்கும் அவள் வீட்டுக் கரையோடு, அவள் உயரத்துக்கு, ஊக்கிலிருந்து கோடி விளைந்தது. மண்டபத்து வாசலில் யாரோ ஒரு விளக்கு வைத்தார்கள். எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. ஞானதுரை ஒருதரம் ஊசியை மறுபடி பள்ளத்தில் பூட்டச் சொன்னார்; உலகம்மாள் பூட்டினாள்; விடிந்தபோது திறந்துகிடந்தது. ஊக்கைச் சென்னைக்கு அனுப்பலாம் என்று அவர் யோசனை சொன்னபோது ஊர்ப் பெரியவர்கள் வந்து, சத்தம் போடாமல், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

முதலில் எல்லாம் நன்மையாகத்தான் தெரிந்தது. தை நெருங்கியபோதுதான் உலகம்மாள் மாற்றத்தைக் கவனித்தாள். வழக்கமாகப் பொங்கலுக்கு முந்தின வாரம் மடையூர் பஸ்ஸில் ஏற இடம் இருக்காது. கரும்பும் மஞ்சள்கொத்தும் பித்தளைப் பானையுமாக அக்கா தங்கை வீடுகளுக்குப் பொங்கல் படி கொண்டுபோகிறவர்கள் கூரைமேலெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் பஸ் காலியாக வந்து காலியாகப் போனது. டீக்கடையில் அவள் காதுபடவே பேசினார்கள்.

"என்ன மாப்ள, தங்கச்சிக்குப் படி கொண்டு போகலையா?"

"எதுக்கு? கடைசி நாளு கோடிதான் அதுவா வந்துருதே. பெறவு வருஷா வருஷம் கரும்பைத் தூக்கிட்டு நான் எதுக்கு பஸ்ல நசுங்கணும்?"

"ஒந்தங்கச்சி கோவிச்சுக்கிட மாட்டாளா?"

"கோவிச்சா கோவிச்சுக்கிடட்டும். அவ கோவத்துக்குப் பயந்தா போனோம்?"

சிரித்தார்கள். இத்தனை காலமும் அண்ணன்மார்களைத் தங்கைகள் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தது பாசமென்று நினைத்திருந்தோமே, அந்தக் கடைசி நாளில் நாலு பேர் முன்னால் கோடியில்லாமல் நிற்க நேருமே என்ற பயமும்தானே அது என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள். ஆற்றங்கரைத் தெருக்களில் பெண்கள் வாசலில் வந்து வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருத்திக்குப் பிறந்த வீடு இல்லாமல் போக, இன்னொருத்திக்கு இல்லாமல் போக, ஊக்குக்கு வேலை கூடியது. முன்பெல்லாம் சாவு விழுந்த அன்றைக்கு விளைந்த துணி, மாசி மாதத்துக்குப் பிறகு சாவுக்கு முன்னாலேயே விளைந்தது. கரைதான் முதலில் வரும். பிறகு துணி. துணி அறுந்து விழுந்த வாரத்துக்குள் அந்தக் கரைக்காரி போய்விடுவாள். காய்ச்சலில் ஒருத்தி, படித்துறையில் வழுக்கி ஒருத்தி, ஒன்றுமே இல்லாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபடியே ஒருத்தி.

அதையும் ஊர் பழகிக்கொண்டது. காலையில் குடத்தோடு போகிற பெண்கள் மண்டபத்து கேட்டருகே ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

"இன்னைக்கு என்ன கரை சப்பாணி?"

"எறும்புச்சாரி."

"நம்மளது இல்ல. வாட்டி, குழாயில தண்ணி நின்னுரும்."

எறும்புச்சாரி வீட்டில் பிறந்தவள் அந்தக் கூட்டத்தில் இருந்தால், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, அவளும் தண்ணீர் பிடிக்கத்தான் போவாள்.

ஒருமுறை தாழம்பூக் கரை விழுந்தது. நல்லூர்க்காரி ஒரு மருமகளுடையது, வயதும் சின்ன வயது. அவள் மாமியார் காசியம்மா, கையிறுக்கத்துக்குப் பேர்போனவள், "இம்புட்டு நயமான துணியைக் கொண்டு மண்ணுல போடுததா" என்று தானே அதை எடுத்துச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள். அந்த வாரம் போனவள் காசியம்மா. மருமகள் இன்னும் தெருமுனையில் இட்லி அவித்துக்கொண்டிருக்கிறாள். துணி முகம் பார்ப்பதில்லை, உடுத்தியவளோடு போய்விடுகிறது என்று ஊர் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்ட பிறகு அடுத்தவள் கரையை எவளும் விரலால்கூடத் தொடவில்லை.

சனிக்கிழமைகளில் உலகம்மாளைப் பார்க்க ஒருத்தி வருவாள். ஆவுடையப்பனின் ஒரே மகள், பிரமநாயகி. அவளும் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் கீழத்தெருப் பையனைக் கட்டிக்கொண்டு வெளியேற, அப்பன் அதே படித்துறையில் அதேபோல முங்கி எழுந்திருந்தான். நெடுநெடுவென்று தாய்வழி உயரம் அவளுக்கு. இப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

"அத்தை, ஒங்க கண்ணாடியில என் வயிறு மூணு வயிறாத் தெரியுது."

"உக்காரு முதல்ல. கொடிக்கம்பம் மாதிரி நிக்காத."

"அப்பா கடை வழியாத்தான் வந்தேன். என்னைப் பாத்தாரு. பாத்துட்டு முழக்கோலை எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு."

"என்னைப் பாத்தாலும் அதைத்தான் தொடைப்பான். இத்தனை வருஷம் தொடச்சதுல அது தேஞ்சு முக்கால் முழமா ஆயிருக்கும்."

"அப்ப துணி எடுக்கவன் பாடு?"

"நம்ம சாபம், ஊரான் தலையில."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது பிரமநாயகி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "வளைகாப்பு வைக்கணும்னு மாமியா சொல்லுதாவ. பொறந்த வீட்டு வளையலை முதல்ல போடணுமாம். யார் போடுவான்னு கேக்காவ." என்றாள். மேஜையில் ஊக்கு சும்மா கிடந்தது. அன்றைக்கு அதில் எதுவும் விளையவில்லை.

பங்குனியில் ஒரு காலை உலகம்மாள் வந்தபோது கேட்டருகே பெண்கள் யாரும் இல்லை. சப்பாணிமுத்து அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தான். அவன் தோளில் துண்டைக் காணோம். அதை ஊக்கின்மேல் போட்டு மூடியிருந்தான்.

"யக்கா" என்றான். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மீன்முள்ளு" என்றான்.

உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். துண்டை விலக்கினாள். பச்சைத் துணியில் நடுத்தண்டும் இருபுறம் சரிந்த முட்களுமாக, அம்மா கட்டியிருந்த சேலைகளில் அவள் முகம் துடைத்துக்கொண்ட அதே கரை. பயம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அண்ணன் போடாவிட்டால் என்ன, வந்துவிட்டது. அவள் அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை. துணி விரற்கடை விரற்கடையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒருதரம் கையில் வாங்கி முகர்ந்தும் பார்த்தாள். மத்தியானம் அது மேஜையிலிருந்து இறங்கித் தரையில் மடிந்தபோது, நுனியைத் தூக்கித் தன் உச்சியில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பாதத்தைத் தொட்டிருந்தது. சரி, இனி அறுந்துவிடும் என்று விலகி நின்றாள்.

அறுபடவில்லை. துணி இன்னும் இறங்கியது. ஒரு சாண் இறங்கியது. அதற்குமேலும் இறங்கியது. கண்ணாடிக்குள் மூன்று துணிகள் இறங்கிக்கொண்டிருக்க, மூன்று உலகம்மாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டில் பிறந்து அந்த வீட்டால் தலைமுழுகப்பட்டவள் இன்னொருத்தியும் இருந்தாள். அவள் நெட்டை.

துணி விழுந்தது. உலகம்மாள் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து, அகலமாக, அடுக்கடுக்காக, நீளம் தெரியாதபடி மடித்து மேஜையில் வைத்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

செய்தி பஜாருக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. ஆவுடையப்பன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வந்தான். மணமகள் அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிட்டத்தில் பார்க்கையில் அண்ணனுக்கு இவ்வளவு வயதாகியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"உலகு" என்றான்.

"வா, அண்ணே."

"மீன்முள்ளுன்னு சொன்னாவ."

"ஆமா."

"யாருக்குன்னு..." அவன் துணியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, சுவரில் யாரோ பழைய கல்யாணத்தில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ படிச்சவ. இதையெல்லாம் கண்ணாடி வச்சுப் பாத்துச் சொல்லுதவ. பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவன் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போவதை அவள் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வந்த மூட்டையை இறக்கி வைக்க இடம் கிடைத்தவனின் முகம். அவன் அதை மறைக்கப் பார்த்தான், மறைக்கத் தெரியவில்லை. அவளுக்கு வலித்தது. வலிக்குமென்று தெரிந்துதான் சொன்னாள் என்றாலும் வலித்தது.

"எனக்கு ரெண்டு காரியம் செய்யணும் நீ" என்றாள். "பிரமு கைக்கு இன்னும் வளையல் ஏறல. நாளைக்கே போயி போடணும். நீயே போடணும்."

"போடுதேன்."

"கீழத்தெருன்னு வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள போயி, அவ மாமியா குடுக்க காப்பியைக் குடிக்கணும்."

"குடிக்கேன். இன்னொண்ணு?"

அவள் மேஜையைக் காட்டினாள். "பொறந்த வீட்டு ஆளுதான் போடணும்."

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். துணியை எடுத்தான். பிறந்ததிலிருந்து துணி அளந்த கைகள் அவனுடையவை. பிரிக்கும்போதே, கைக்குக் கை மாறும்போதே, அவை தாமாக அளந்தன. முழத்துக்கு முழம் மடிப்பு அவிழ்ந்துகொண்டு வர, ஓரிடத்தில் கைகள் நின்றன. தங்கையின் உயரம் அங்கே முடிந்திருந்தது. மேஜையில் இன்னும் துணி இருந்தது.

வெளியே சப்பாணிமுத்து யாரையோ அதட்டி விரட்டினான். ஆவுடையப்பன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான், இருபது வருஷத்தில் முதல்முறையாக, நேராக. அவள் பார்வையை விலக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதைக் கீழே வைத்துவிடலாம். கண்ணாடிகளில் எத்தனை ஆவுடையப்பன்கள் உண்டோ அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு அவன் குனிந்து, மிஞ்சின துணியை மடித்தான். அம்மாவின் சேலையைக் கட்டிப்பார்க்க ஆசைப்படுகிற சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல, இரண்டாக மடித்து, நாலாக மடித்து, இடுப்போரம் உள்ளே செருகினான். மீதியைச் சுற்றிக் கொண்டுவந்து, கரை வெளியே தெரியும்படி அவள் தோளில் போட்டான். மடிப்பு கோணவில்லை.

"அளவு சரியா இருக்கு" என்றான்.

"ஆமாண்ணே."

அவன் மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். "சாப்பிட்டியாட்டி?"

"இல்ல."

"வீட்டுக்கு வா. ஒங்க மதினி புளிக்கொழம்பு வச்சிருக்கா."

அவன் ஸ்கூட்டரில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், ஒரு கையால் மடிப்பையும் ஒரு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டு. மண்டபத்துத் தெருவைத் தாண்டி பஜாருக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். பச்சைத் துணியைத் தூரத்திலேயே கண்டுகொண்டார்கள். பாத்திரக் கடைக்காரர் முதலில் எழுந்து நின்றார். பிறகு, பிணம் போகும்போது செய்வது போல, ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். அடுத்து மளிகைக் கடை இறக்கியது, அடுத்து மருந்துக் கடை, செல்போன் கடை, மிட்டாய்க் கடை. ஒவ்வொன்றாக, கரகரவென்ற அந்தச் சத்தம் அவர்களோடு கூடவே வந்தது. ஆவுடையப்பனின் சொந்தக் கடையிலும் வேலையாட்கள் யாரென்று முகம் பார்க்காமல் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் பாதிக் கதவை இறக்கினார்கள். அவன் வண்டியை முறுக்கினான்.

உலகம்மாள் அவன் காதருகே குனிந்தாள்.

"எனக்குப் பசிக்கத்தான் செய்யுது அண்ணே," என்றாள். "ஆனா மெதுவாப் போ."

அவன் மெதுவாகப் போனான். முன்னாலிருந்த கடைகள், அவர்கள் வந்து சேரும் முன்பே, இறக்க ஆரம்பித்தன.